மச்சான் கடையில் அறக்கட்டளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

வணக்கம். நீங்கள் சம்பளம் வாங்காத அறங்காவலர், பொருளாளரும்கூட. மாலை வகுப்புக்கு வாங்கும் பத்துக் கம்ப்யூட்டருக்கு உங்கள் மனைவியின் தம்பி கடைதான் குறைந்த விலை சொல்லியிருக்கிறது. வாங்கினால் தப்பா என்று கேட்கிறீர்கள்.

வாங்குவது தப்பில்லை, மறைத்து வாங்குவதுதான் தப்பு. 'நான் ஒரு பைசா எடுக்கவில்லையே' என்பது இங்கே பதில் ஆகாது. வருமான வரிச் சட்டத்தில் அறங்காவலரின் உறவினர் பட்டியலில் மனைவியின் உடன்பிறந்தவரும் உண்டு. அவருக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கடையும் அதில் அடங்கும். நியாயமான விலைக்கு வாங்கினால் சிக்கல் இல்லை. கூடுதல் விலை கொடுத்தால்தான் வரிவிலக்குக்கு ஆபத்து. ஆகவே அந்த விலை நியாயமானது என்பதற்குக் காகிதம் வேண்டும்.

கூட்டத்துக்கு முன்பே உறவை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு கடைகளின் கொட்டேஷனை வேறு யாராவது வாங்கட்டும், நீங்கள் வாங்க வேண்டாம். அந்தப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் மற்றவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். நான் இருந்த ஒரு குழுவில் அதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வெளியே போனதும் வாக்களிக்காததும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

அப்புறம் காசோலை. பொருளாளர் என்பதால் நீங்கள்தான் கையெழுத்துப் போடுவீர்கள், இல்லையா? இந்த ஒன்றுக்கு மட்டும் தலைவரையும் செயலாளரையும் போடச் சொல்லுங்கள். வங்கியில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.