கப்பலில் குமட்டாமல் இருக்க எந்த அறை?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் சொகுசுக் கப்பலில் போகிறோம். அம்மாவுக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். எந்த அறை எடுக்கலாம்?

பதில்: கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள். சீசா பலகையைப் போல முன்முனையும் பின்முனையும்தான் அதிகம் ஏறி இறங்கும். மேலே போகப்போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். நீருக்கடியில் கப்பலின் இருபுறமும் மீன் துடுப்பைப் போல நீளும் தகடுகள் பக்கவாட்டு ஆட்டத்தை மட்டுமே குறைக்கும், முனைகள் ஏறி இறங்குவதை அல்ல. பால்கனிக்கு ஆசைப்பட்டு உச்சித்தளத்தில் எடுத்துவிடாதீர்கள், பாவம் அம்மா! மருத்துவரிடம் கேட்டு, வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். வாந்தி தொடங்கியபின் மாத்திரை வயிற்றில் தங்காது. அதைக் கைப்பையிலேயே வையுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடலாம். குமட்டினால் திறந்த தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்க்கட்டும்.