மெடல் பக்கத்தில் பேனா வைக்காதீர்கள்

கேள்வி: மண்டபம் பக்கத்தில் கடலோரக் கிராமம் எங்களுடையது. 1983ல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து 2000ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். 1988ல் அமைதிப்படையில் இலங்கை போனோம். முல்லைத்தீவுப் பக்கம் ரோந்து போனபோது கண்ணிவெடிச் சிதறல் இடது காலில் ஏறியது. ஆனால் என் டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்பது வருட சர்வீஸ் மெடலைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை. இலங்கை மெடலும் இல்லை, காயத்துக்கான மெடலும் இல்லை. 1990லிருந்து வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். என்னோடு ஒரே செக்‌ஷனில் இருந்தவர் ஒருவர் பரமக்குடியில் இருக்கிறார். எனக்கு உரியதுதானே என்று மெடல்களைக் கடையில் வாங்கி, குடியரசு தின விழாவுக்கு அணிந்து போனேன். எங்கள் சங்கத்துக்காரர் ஒருவர் ‘போலி மெடல்’ என்று கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டார். ஊரே சிரிக்கிறது. சொந்த இனத்தைச் சுடப் போனவன் என்று அன்றும் ஏசினார்கள், இன்றும் நிம்மதி இல்லை. அவர் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா? 15,000 ரூபாய் கொடுத்தால் புக்கில் மெடல்களை ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா? மெடல் ஏறினால் ஊனப் பென்ஷனும், பேரனுக்குக் கல்லூரியில் இடமும் கிடைக்குமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி ஊர்க்காரர்களைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் இருக்கிறது. 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னை வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உங்களுக்கு அது வலித்திருக்கும். அதற்கு எந்த நீதிமன்றத்திலும் பரிகாரம் கிடையாது. மனுவில் அதை ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

சட்டத்தின் கண்ணில் உங்கள் விவகாரம் ஒரே கேள்விதான். நீங்கள் இலங்கையில் இருந்த நாட்களுக்கும், காலில் பட்ட காயத்துக்கும் அன்றைக்கே உங்கள் யூனிட் பார்ட் டூ ஆர்டர் (ஒரு வீரரின் பணி விவரங்களைப் பதிவு செய்யும் உத்தரவு) போட்டதா, இல்லையா?

போட்டிருந்தால், மெடல் விடுபட்டது குமாஸ்தா வேலையில் வந்த பிழை. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸ் அதைத் திருத்த முடியும். போடவில்லை என்றால் நீங்கள் கேட்பது புதிதாக ஒரு உண்மையை நிரூபிக்கும் வேலை. முப்பத்தைந்து வருடம் கழித்து அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டில் எது என்று தெரியாமல் மனு எழுத உட்காராதீர்கள்.

முதலில் மெடல்களைப் பிரித்துப் பாருங்கள். வீரச் செயலுக்கான விருது அரசிதழில் வந்தால்தான் உண்டு. பரிந்துரை போனது, மேலே நின்றுவிட்டது என்பதெல்லாம் உரிமை ஆகாது. நல்ல வேளை, அப்படி எதையும் நீங்கள் கேட்கவில்லை. அமைதிப்படைக்கான சிறப்பு சேவைப் பதக்கம், அதன் மேல் ‘ஸ்ரீலங்கா’ கிளாஸ்ப் (நாடாவில் மாட்டும் பெயர்ப் பட்டை), இதெல்லாம் அங்கே தகுதி நாட்கள் இருந்தவர்களுக்கு உரியது. யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது கிடையாது. ஆகவே நாட்கணக்கு பதிவில் இருந்தால் போதும். காயத்துக்கான பராக்ரம் பதக்கம் வேறு ரகம். எதிரியோடு நேரடி மோதலில் காயம் பட்டது என்று பதிவு வேண்டும். முகாமில் தடுக்கி விழுந்தவருக்கும் கால் உடையும்.

உங்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக் ஒரு சுருக்கம்தான். தாய்ப் பத்திரம் ஷீட் ரோல் என்ற முழுப் பணிப் பதிவேடு, அது வெலிங்டனில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் 15,000 ரூபாய்க்காரருக்கு என்ன பதில் என்பதும் புரிந்துவிடும். அவர் உங்கள் புக்கில் நல்ல கையெழுத்தில் எழுதி, முத்திரையும் குத்தித் தருவார். தாய்ப் பத்திரத்தில் ஒரு எழுத்தும் ஏறாது. அடுத்த முறை அந்த புக்கை எங்கே காட்டினாலும், அரசு ஆவணத்தைத் திருத்தியவர் நீங்கள். அவர் பெயர் அதில் எங்கும் இருக்காது. குற்ற வழக்கில் தண்டனை வந்தால் பென்ஷனிலேயே கை வைக்க விதி இருக்கிறது. இருக்கிற ஒரு நல்ல வழக்கை 15,000 ரூபாய் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். புக்கை லேமினேஷனும் செய்யாதீர்கள். கடற்காற்றில் தாள் நைந்துபோகிறது என்று நம் பக்கம் பலர் செய்கிறார்கள். சூட்டில் மை மங்கினால் பழைய முத்திரையைப் படிக்க முடியாது.

இப்போது மானநஷ்டம். நீங்கள் அதிகம் ஆசைப்படுவது இதற்குத்தான், நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

சங்கத்துக்காரர் மேல் வழக்குப் போட்டீர்கள் என்று வையுங்கள். அவர் வக்கீல் முதல் நாளிலேயே உங்கள் டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்பார். மெடல் பக்கத்தை விரித்து, “இதில் இல்லாத மெடலை நீங்கள் அணிந்தது உண்மைதானே?” என்பார். உண்மை என்றுதான் நீங்கள் சொல்லியாக வேண்டும். “கடையில் வாங்கினீர்களா?” அதற்கும் ஆமாம். உங்கள் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இன்றைய தேதியில், காகிதப்படி, அவர் சொன்னதைப் பொய் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. அதோடு, அவர் மனுவைக் கொடுத்தது கலெக்டரிடம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பது அவதூறு ஆகாது என்று இன்றைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவே விலக்குத் தருகிறது. நல்லெண்ணம் இல்லை, பழைய பகை என்று நீங்கள் வாதாடலாம். பகையை நிரூபிக்க நீங்கள் கூப்பிடும் சாட்சிகளும் அதே சங்கத்துக்காரர்கள்தான்.

தோற்றால் செலவோடு போகாது. ‘இந்தப் பதக்கங்களுக்கு மனுதாரர் உரியவர் என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று ஒரு தீர்ப்பு எழுதப்படும். பிறகு வெலிங்டனுக்கு நீங்கள் எழுதும்போது எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பின் நகலைத்தான் நீட்டும். கோபத்தில் போட்ட ஒரு வழக்கு, நியாயமான இன்னொன்றைக் கெடுத்ததை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அதனால் நேராகச் சொல்கிறேன். சமரசம் செய்யுங்கள். சங்கத்தில் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு ஓய்வு பெற்ற சுபேதாரைக் கூப்பிட்டு உட்காருங்கள். ரெக்கார்ட் ஆபீஸ் பதில் வரும் வரை நீங்கள் ஒன்பது வருட மெடலை மட்டும் அணிவீர்கள். அவர் மனுவைத் தொடர மாட்டார். இது போதும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். சமரசம் என்ற பெயரில், ‘உரிமை இல்லாத மெடலை அணிந்தது என் தவறு’ என்று யாராவது எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் நல்ல மனதோடு இப்படித்தான் எழுதுவார்கள். அது பிற்பாடு உங்களுக்கு எதிரான ஒப்புதல் வாக்குமூலம். ‘பதக்க விவரம் ரெக்கார்ட் ஆபீஸ் முடிவுப்படி’ என்ற ஒரு வரிக்கு மேல் எழுத்தில் எதுவும் வேண்டாம்.

இனி நடைமுறை. வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், முப்பது நாள், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ராணுவத்துக்கு ஆர்.டி.ஐ. செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலக்குப் பட்டியலில் எல்லைப் பாதுகாப்புப் படையும் சி.ஆர்.பி.எஃப்.பும் இருக்கின்றன, தரைப்படை இல்லை. உங்கள் ஷீட் ரோல், இலங்கைக் காலத்துப் பார்ட் டூ ஆர்டர்கள், காயம் பற்றிய அறிக்கை, 2000ல் வெளியே வந்தபோது நடந்த மெடிக்கல் போர்டு தாள்கள், இந்த நான்கின் நகலை மட்டும் கேளுங்கள். ‘ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

அந்தத் தாள்கள் வரும் முன் சத்தியப் பத்திரம் எதுவும் எழுத வேண்டாம். முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தேன், பூர்வி ஸ்டார் வேண்டும் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து அனுப்பிவிட்டு, பிறகுதான் என்னிடம் வந்தார். ரெக்கார்டில் அந்த டிசம்பர் முழுக்க அவர் பயிற்சி மையத்தில் இருந்தார். அந்தப் போர்க்காலச் சேவைக்கான சங்க்ராம் மெடல் அவருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது. அதைக் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும். நினைவு அவரை ஏமாற்றியதா, நண்பர்களின் கதை அவருடையதாகிவிட்டதா, எனக்குத் தெரியாது. பொய்ச் சத்தியம் செய்தவர் என்ற பெயரோடு அந்தச் சின்ன மெடலைக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

இன்னொரு கண்ணி, பெயர். மெடலைத் திருத்தச் சொன்னால் ஆதாரும் பி.பி.ஓ.வும் (பென்ஷன் வழங்கும் ஆணை) கேட்பார்கள். நம் ஊரில் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் பட்டாளத்தில் எப்படி எப்படியோ ஏறியிருக்கும். மனைவி பெயர் பி.பி.ஓ.வில் மாரியாயி, ஆதாரில் மாரியம்மாள் என்று இருக்கும். இதுவரை யாரும் ஒப்பிட்டுப் பார்க்காததால் பென்ஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. மனு போடும் முன் நீங்களே ஒப்பிடுங்கள். மனைவி பெயரில் வித்தியாசம் இருந்தால் மெடலை ஆறு மாதம் ஒத்திவைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அதை முதலில் சரிசெய்யுங்கள். உங்களுக்குப் பிறகு குடும்ப பென்ஷன் வாங்கப்போவது அந்தம்மாதான். பிறந்த தேதி வித்தியாசத்தை மட்டும் தொடவே வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு அதில் ஜெயித்தவர் அபூர்வம்.

ஊனப் பென்ஷனை இந்த மனுவில் கலக்காதீர்கள். மெடல் கிடைத்தால் பென்ஷன் தானாக வராது. 2000ல் மெடிக்கல் போர்டில் ‘ஏ’ கேட்டகரி, அதாவது முழு உடல்தகுதி, என்று எழுதி, அதில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தாளோடு முதலில் மல்லுக்கட்ட வேண்டும். அந்தத் தாளைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன், சொல்பவரையும் நம்பாதீர்கள். மோதலில் காயம் என்று பார்ட் டூ ஆர்டர் கிடைத்தால் அது தனி வழக்கு. பென்ஷன் மாதா மாதம் மறுக்கப்படும் தொடர் தவறு என்பதால் தாமதம் அங்கே அவ்வளவாக உதைக்காது. ஆனால் நிலுவை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2008ல் ஒரு முன்னாள் ராணுவத்தினர் வழக்கில் சொல்லிவிட்டது. இருபது வருட நிலுவை லட்சக்கணக்கில் வரும் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மெடலுக்கு அந்த ‘தொடர் தவறு’ வாதம் எளிதில் ஒட்டாது. அதனால்தான் ‘1990லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற வரி எனக்கு உறுத்துகிறது. எழுத்தில் ஆதாரம் இல்லாமல் அதை மனுவில் எழுதினால், அப்போதே தெரிந்தும் சும்மா இருந்தீர்கள் என்பதை நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகும். பொய் சொல்லச் சொல்லவில்லை. பழைய கடித நகலோ, ரிஜிஸ்டர் தபால் ரசீதோ இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால், ரெக்கார்டில் இருக்கிறது, புக்கில் ஏறவில்லை, திருத்துங்கள் என்பதோடு நிறுத்துங்கள்.

ரெக்கார்ட் ஆபீஸ் மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஓடாதீர்கள். முதல் வாசல் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மறுப்பு உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள். பழைய கோரிக்கைக்குப் புதிதாக ஒரு பதில் வாங்கிவிட்டால் காலக்கெடு புதிதாகத் தொடங்கும் என்று நம் வக்கீல்களே சிலர் சொல்வார்கள். தமிழ்நாடு புவியியல் சுரங்கத் துறையில் வேலை இழந்த ஒருவர் பதினெட்டு வருடம் கழித்துக் கொடுத்த மனு சம்பந்தப்பட்ட வழக்கில், அப்படித் தொடங்காது என்று 2008லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

பேரன் விஷயம்: முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் மகன், மகளுக்குத்தான் இடம், பேரனுக்குக் கிடையாது. இலங்கை மெடலுக்கு மாதப் பணமும் கிடையாது. வீரத்துக்கான சேனா மெடலுக்கே மத்திய அரசு தருவது மாதம் 2,000 ரூபாய்தான்.

உங்களோடு ஒரே செக்‌ஷனில் இருந்தவர் பரமக்குடியில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை சாட்சி சொல்ல இழுக்க வேண்டாம். அவர் டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் பாருங்கள். அதே யூனிட், அதே மாதங்கள், அவர் மெடல் பக்கத்தில் ‘ஸ்ரீலங்கா’ ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அவரிடமே கையெழுத்து வாங்கி, ரெக்கார்ட் ஆபீஸ் மனுவோடு இணையுங்கள். பத்துப் பேர் சத்தியப் பத்திரத்தை விட அந்த ஒரு தாள் உங்களுக்கு உதவும்.