பட்டன் மிச்சமிருந்தாலும் டயருக்கு வயதாகும்: பழைய பி.எம்.டபிள்யூ. 530டி-க்கு எந்த டயர்?

வாசகர் கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 2009ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 530டி காரை மூன்று மாதங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நான்கும் 225/50 ஆர் 17 அளவு ரன்ஃப்ளாட் டயர்கள் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியவை). பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் வரிகள், பாதிக்கு மேல் இருக்கிறது. அண்மையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதில் முன்பக்க டயர் ஒன்றின் பக்கச்சுவர் புடைத்துவிட்டது. ஒரு கடையில் ரன்ஃப்ளாட்டுக்குச் சொன்ன விலை, சாதாரண டயரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னொரு கடையில் 18 அங்குல அலாய் வீலுடன் 245/45 போட்டால் கம்பீரமாக இருக்கும் என்கிறார்கள். மாதம் ஒருமுறை குடும்பத்துடன் சென்னை சென்று வருவேன். புடைத்ததை மட்டும் மாற்றலாமா, நான்கையும் மாற்ற வேண்டுமா? ரன்ஃப்ளாட் அவசியமா? டயர் மீது 1417 என்று இருக்கிறது.

பதில்: நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த நான்கு இலக்கத்திலேயே முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் இறுதியில் வரும் நான்கு எண்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை. ஆகவே உங்கள் டயர்கள் 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில், வார்க்கப்பட்டவை. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு ஆண்டுகளுக்குள் டயர்களை மாற்றிவிடுமாறு பி.எம்.டபிள்யூ. தன் கையேடுகளில் பரிந்துரைக்கிறது. வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து ரப்பரைக் கெட்டிப்படுத்துகின்றன; கெட்டிப்பட்ட ரப்பர் மெதுவாகத்தான் தேயும் என்பதால், பழைய டயரில் பட்டன் நிறைய இருப்பது சில சமயம் அதன் முதுமைக்கே அடையாளமாகிவிடுகிறது. இந்த டயர் காய்ந்த சாலையில் உங்களை ஏமாற்றாமல் இருக்கலாம். முதல் மழை விழுந்த ஈரச் சாலையில் பிரேக் அழுத்தும்போதுதான் அதன் வயது தெரியவரும்.

புடைத்த டயரைப் பொறுத்தவரை யோசிக்கவே இடமில்லை. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் இழைகள் அறுந்திருப்பதால்தான் அந்த இடம் வெளியே தள்ளுகிறது. அதை ஒட்டவோ சரிசெய்யவோ வழியில்லை. அந்த டயருடன் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். மற்ற மூன்றும் அதே வயதுடையவை என்றால் (ஒவ்வொன்றிலும் எண்ணைப் பாருங்கள், உள்பக்கம் திரும்பியிருந்தால் காரைத் தூக்கித்தான் படிக்க முடியும்) நான்கையும் ஒன்றாக மாற்றுவதே சரி.

இனி ரன்ஃப்ளாட் பற்றி. இந்தத் தலைமுறை 5 சீரிஸ், சென்னைக்கு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007இல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. ஆலையில் பூட்டப்பட்டு நம் சாலைகளுக்கு வந்தது. ஆனால் அதன் சஸ்பென்ஷனும் டயரும் ஜெர்மானியச் சாலைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. ரன்ஃப்ளாட்டின் பக்கச்சுவரில் தடித்த ரப்பர் வைத்து வார்க்கப்பட்டிருப்பதால், காற்று முழுவதும் இறங்கிய பிறகும் அந்தச் சுவரே காரைத் தாங்கும். பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கி.மீ. வரை ஓட்டலாம். அதே தடிமன்தான் ஒவ்வொரு வேகத்தடையிலும் பாலம் இணையும் இடத்திலும் தட் தட்டென்று உள்ளே கேட்கிறது. டயரின் எடையும் கூடுகிறது. வேகத்தில் திடீரென்று காற்று இறங்கினால் கார் கட்டுக்குள் நிற்கும் என்பது உண்மையான நன்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பயணத்தை வைத்து எண்ணிப்பாருங்கள். சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையே நள்ளிரவில் பஞ்சரானால், 80 கி.மீ. தூரத்துக்குள் ஓர் ஊரைப் பிடித்துவிடலாம்; அந்த ஊரில் 17 அங்குல ரன்ஃப்ளாட் டயர் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. காற்றில்லாமல் ஓடிய ரன்ஃப்ளாட்டின் உட்புறம் எந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய முடியாததால், அதைப் பஞ்சர் ஒட்டி மீண்டும் ஓட்டுவதும் முறையல்ல. ஆகவே இந்த டயர் உங்களை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரும், வீட்டுக்குக் கொண்டுவராது.

இதனால் உங்கள் காருக்கு என் பரிந்துரை சாதாரண ட்யூப்லெஸ் டயர்தான். ரன்ஃப்ளாட்டுக்காக வடிவமைத்த உங்கள் ரிம்மில் சாதாரண டயரைத் தடையின்றி ஏற்றலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒரே காரில் ரன்ஃப்ளாட்டையும் சாதாரண டயரையும் கலக்கக் கூடாது. பக்கச்சுவரின் விறைப்பு வேறுபடுவதால் திருப்பங்களில் கார் ஒரு முனையில் ஒரு மாதிரியும் மறு முனையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். இரண்டாவது, பஞ்சருக்கான ஏற்பாட்டை டயர் மாற்றும் அன்றே முடித்துவிட வேண்டும். ரன்ஃப்ளாட்டுடன் வந்த கார்களில் ஸ்டெப்னி மட்டுமல்ல, பெரும்பாலும் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும்கூட இருப்பதில்லை. டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். பிரேக் காலிபரில் இடிக்காமல் பொருந்தும் ஒரு ஒல்லி ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர், பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் காற்றடிக்கும் பம்பு, டிக்கியில் ஸ்டெப்னி உருளாமல் கட்டிவைக்க ஒரு பட்டை ஆகியவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். அப்படியும் ரன்ஃப்ளாட்டைவிடச் செலவு குறைவாகவே வரும். வீட்டில் வேறொருவர், டயர் கழற்றி மாட்டத் தெரியாதவர், தனியாக இரவுகளில் இந்தக் காரை ஓட்டுபவராக இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அவருக்கு ரன்ஃப்ளாட்டின் குலுக்கலைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

18 அங்குல யோசனையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 225/50 ஆர் 17 என்பதில் 225 மி.மீ. டயரின் அகலம், 50 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 17 ரிம்மின் அங்குல அளவு. ஆகவே பக்கச்சுவரின் உயரம் 225இல் பாதி, அதாவது 112.5 மி.மீ.; மேலும் கீழும் சேர்த்து 225; ரிம்மின் விட்டம் 431.8; ஆக மொத்தம் 656.8 மி.மீ. கடைக்காரர் சொன்ன 245/45 ஆர் 18-இன் மொத்த விட்டமோ 677.7 மி.மீ. ஏறத்தாழ 3 சதவீதம் பெரியது. வேகமானி காட்டுவதைவிட கார் வேகமாக ஓடும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதும் முழுச் சுமையிலும் மட்கார்டின் உட்புறம் உரச வாய்ப்புண்டு. இதே காருக்கு 18 அங்குலத்தில் உரிய அளவு 245/40. அதன் விட்டம் 653.2 மி.மீ. என்பதால் கணக்குப் பொருந்துகிறது, ஆனால் பக்கச்சுவர் 98 மி.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. ஒரு பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு டயரைப் பறிகொடுத்தவருக்கு, இன்னும் மெலிந்த பக்கச்சுவரை நான் எந்த முகத்தோடு பரிந்துரைப்பது? கம்பீரத்தை பாலிஷில் தேடிக்கொள்ளலாம். எதிர்த்திசையில் 225/55 ஆர் 16 (விட்டம் 653.9) என்ற அளவும் இந்தக் காரின் எளிய வகைகளில் உண்டு, மிக மென்மையாக ஓடும், ஆனால் வேறு ரிம்கள் வாங்க வேண்டும், உங்கள் பிரேக்கின் மேல் அவை பொருந்துகின்றனவா என்று மாட்டிப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். இருக்கும் 17 அங்குலத்திலேயே நிற்பது நல்லது.

அளவு ஒன்றாக இருந்தால் போதாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் முக்கியம். 94 டபிள்யூ என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், மணிக்கு 270 கி.மீ. வேகத்துக்குத் தகுதி பெற்றது என்று பொருள். நம் ஊரில் யார் அந்த வேகத்தில் போகிறார்கள் என்று சொல்லி, இதே அளவில் குறைந்த தரமுள்ள டயரைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. வேகக் குறியீடு என்பது அடிப்படையில் சூட்டைத் தாங்கும் கட்டமைப்பின் குறியீடு. மே மாத மதியத்தில், நான்கு பேரும் சாமான்களும் ஏறிய கனமான டீசல் காருக்கு அந்தத் தாங்குதிறன் வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கவும் இடம் கொடுக்க வேண்டாம். இந்த அளவில் எக்ஸ்.எல். (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்ற குறியுடன் 98 என்ற சுமை எண்ணில் கிடைக்கும் டயரையும் தாராளமாகப் போடலாம். ஆனால் அது 750 கிலோ தாங்குவது 2.9 பார் அழுத்தத்தில்தான் என்பதை நினைவில் வையுங்கள், காற்றைக் குறைத்து ஓட்டினால் அந்தக் கூடுதல் எண்ணுக்குப் பொருளில்லை.

நிறுவனத்தின் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன். மிஷ்லின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்ற, அமைதியையும் ஈரப்பிடியையும் நோக்கிய நெடும்பயண வகைகளே இந்தக் காரின் குணத்துக்கு ஏற்றவை. விளையாட்டு வகை டயர்கள் இரைச்சலும் விரைவான தேய்மானமும் தரும். பக்கச்சுவரில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பி.எம்.டபிள்யூ. ஒப்புதல் பெற்றது, கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பெரிய இழப்பில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபின், அதிகம் விற்காத அளவுகள் கடைகளில் எளிதில் கிடைக்காமல் போனதைப் பலரும் அனுபவித்திருக்கிறோம். இப்படிப்பட்ட அளவுகளில்தான் நீண்ட நாள் கிடந்த சரக்கும் கைமாறும். பணம் கொடுக்கும் முன் நான்கு டயர்களின் தேதியையும் நீங்களே படியுங்கள். ஓராண்டுக்குள் தயாரான நடுத்தர டயரை, மூன்றாண்டு கிடங்கில் கிடந்த உயர்ரக டயரைவிட நான் விரும்புவேன்.

டயரை ஏற்றுவதற்கு முன் காரின் அடிப்பகுதியைப் பார்த்துவிட வேண்டும்; பலரும் தவறவிடும் இடம் இதுதான். முன்பு நான் வேலை பார்த்த கடைக்கு, இதே தலைமுறைக் கார் ஒன்று பிரேக் அழுத்தும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று வந்தது. உரிமையாளர் வேறிடத்தில் இரண்டு முறை டயர் மாற்றி, நான்கு முறை பேலன்சிங் செய்து சலித்துப்போயிருந்தார். குற்றவாளி டயர் அல்ல. முன்சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் புஷ். எண்ணெய் நிரப்பிய அந்த ரப்பர் புஷ் கிழிந்து கசிந்திருந்தது. பதினைந்து ஆண்டு கடந்த காரில் இந்தப் புஷ்களைப் பார்க்காமல் புது டயர் போட்டால், புது டயர்தான் கோணலாகத் தேயும். இந்தக் கார்களில் பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பதால் உள்விளிம்பு முதலில் தேய்வதும் வழக்கம். வெளியிலிருந்து பட்டன் இருப்பதுபோலத் தெரியும், கையை உள்ளே விட்டுத் தடவினால் மொட்டையாக இருக்கும். கழற்றும் டயர்களை அப்படித் தடவிப் பார்த்தால் அலைன்மென்ட் எங்கே விலகியிருக்கிறது என்பது புரிந்துவிடும். புஷ் வேலை, டயர், பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட் என்ற வரிசையில் செய்யுங்கள்.

மாட்டும் கடையில், விறைப்பான ரன்ஃப்ளாட்டைக் கழற்ற உதவிக் கை பொருத்திய இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடப்பாரையால் நெம்பினால் ரிம்மின் விளிம்பு போய்விடும். வால்வுகளைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். வீல் போல்ட்டுகளை நியூமேட்டிக் கன்னால் அடித்து விட்டுவிடாமல் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். காற்றின் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது. நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

காற்று குறைவதைக் கண்டறியும் அமைப்பை, அழுத்தத்தைச் சரிசெய்த பின், காரின் திரை வழியாக மறுபடி தொடங்கிவைக்க வேண்டும். உங்கள் காரில் அது சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் கணிப்பது. நான்கும் ஒரே அளவில் மெல்ல இறங்கினால் அதற்குத் தெரியாது என்பதால், மாதம் இருமுறையாவது காற்றை அளந்து பாருங்கள். முதல் 300 கி.மீ. வரை நிதானமாக ஓட்டுங்கள். அதற்குள் சென்னைப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் சில ஆண்டுகள் கழித்து இரண்டு மட்டும் மாற்ற நேர்ந்தால் புதியவற்றைப் பின்சக்கரங்களில் போடுங்கள், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் மீட்பது முன்பக்கத்தைவிடக் கடினம்.

கழற்றிய நான்கில் பார்வைக்கு நன்றாக இருக்கும் ஒன்றை ஸ்டெப்னிக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த எண் அதிலும் 1417தான். கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.