ராத்திரி வேலை பார்க்கும் செடிகள்

கேள்வி: கற்றாழைத் தொட்டியைப் படுக்கையறையில் வைத்தால் ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் தரும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வைக்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அழகுக்கு என்றால் தாராளமாக வையுங்கள். ஆக்ஸிஜனுக்கு என்றால் வேண்டாம். வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்ஸிஜன் தயாரிக்காது. ஆனால் இந்த வதந்திக்குப் பின்னால் ஒரு பாதி உண்மை இருக்கிறது.

கற்றாழை, ரணகள்ளி, சப்பாத்திக்கள்ளி வகையறா எல்லாம் பகலில் இலைத்துளைகளை மூடிவிடும். வெயிலில் திறந்தால் சேர்த்து வைத்த தண்ணீர் ஆவியாகிவிடுமே! இருட்டிய பிறகு திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் செல்களுக்குள் வைத்துக்கொள்ளும். ஆப்பிளுக்குப் புளிப்பு தருவதும் இதே அமிலம்தான். விடிந்ததும் துளையை அடைத்துவிட்டு, அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்து, வெயிலில் சர்க்கரை தயாரிக்கும். ராத்திரி துளை திறப்பதைத்தான் யாரோ ஆக்ஸிஜன் விடுவதாக எடுத்துக்கொண்டார்கள் போல.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் நம் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். கருவி எதுவும் இல்லை, நாக்குதான். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்போமே, அந்த ரணகள்ளி இலை காலையில் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று ஆகிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். 1815-ல் அது அச்சானது. நீங்கள் மென்று பார்த்துவிடாதீர்கள். இதயத்தைப் பாதிக்கும் நச்சு அதில் உண்டு. மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன.

கேள்வி: ரோஜாப்பூ போல இலை அடுக்கிய எச்சவேரியாவை நர்சரியில் வாங்கினேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் அழுகிவிட்டது. ஏன்?
– வாசகர், சென்னை

பதில்: ஊற்றியதால்தான்! எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் தொற்றிக்கொள்ளும். பாதிக்கு மேல் பருமணலும் செங்கல் துண்டும் கலந்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரே தடவையாக நனைய ஊற்றுங்கள். அப்புறம் காயும்வரை தொட வேண்டாம்.

அப்படிச் செய்தாலும் எச்சவேரியா சென்னையில் திணறும் என்பது என் கருத்து. பெரும்பாலும் மெக்சிகோ மலைகளின் செடி அது. கற்றாழை போல அதுவும் ராத்திரி துளை திறக்கும் வகைதான், ராத்திரி குளிர்ந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். மே மாதச் சென்னை ராத்திரிதான் உங்களுக்கே தெரியுமே. ஊட்டியில் சொந்தக்காரர் இருந்தால் அடுத்த எச்சவேரியாவை அவருக்குக் கொடுங்கள். உங்கள் மாடிக்குப் பிரண்டை போதும், துவையலுக்கும் ஆகும்.