நஞ்சையை விற்க வேண்டாம் ஐயா

ஐயா,

போன சனிக்கிழமை மகளின் படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு, அவளோடு வந்திருந்தீர்கள். இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடு என்று மைத்துனர் நெருக்குகிறார், நான்கு ஏக்கர் நஞ்சைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்றீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று வீட்டுக்குப் போனபிறகு தோன்றியது. நிலத்தை விற்காதீர்கள். முன்பண ரசீது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாம் கட்டணக் கணக்கு பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். உங்கள் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய், என்று வந்த பரிசோதனை முடிவு. "அத்தைக்கு முதுகில் நீர் எடுத்தார்கள் மேடம். அதில் ஆறு கோடு, ரத்தத்தில் ஒன்றுகூட இல்லை. கோடு எப்படி விழுகிறது?" என்று கேட்டாள். டாக்டராக வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். ஒரு பரிசோதனை எப்படி நடக்கிறது என்று கேட்டவள் இவள்தான்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிச் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது. முதுகில் ஊசி குத்தி எடுப்பது இதைத்தான். பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். ரத்தத்தில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான் இதில் உண்டு. ஊசி குத்தும்போது கொஞ்சம் ரத்தம் கலந்தாலே கணக்குக் குழம்பிவிடும். இந்த நீரையும் அதே ஆளின் ரத்தச் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பக்கத்துப் பக்கத்தில் ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். அமிலத்தன்மை படிப்படியாக மாறும் அந்த ஜெல்லில், ஒவ்வொரு புரதமும் தன் மின்னூட்டம் தீர்ந்துபோகும் இடத்தில் நின்றுவிடும். ஒரே வகை ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், நிறைய இருந்தால் அந்த இடத்தில் கோடு விழும். நீரில் கோடு இருந்து ரத்தத்தில் இல்லை என்றால், அந்த ஆன்டிபாடி உள்ளேயே, மூளையின் பக்கமே உருவாகிறது என்று பொருள்.

எல்வின் கபாட் என்ற விஞ்ஞானியும் உடன் உழைத்தவர்களும் 1942-லேயே இந்த நோயாளிகளின் முதுகு நீரில் ஆன்டிபாடிகள் அடங்கிய காமா குளோபுலின் என்ற புரதம் கூடியிருப்பதைக் காட்டிவிட்டார்கள். இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பின்பற்றும் மெக்டொனால்டு வரையறையின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, அறிகுறியும் ஸ்கேனும் பொருந்தி இந்தக் கோடுகளும் இருந்தால், அடுத்த தாக்குதல் வரும்வரை காத்திராமல் நோயை உறுதிசெய்யலாம். ஆனால் அந்த ஆன்டிபாடிகள் எதைத் தாக்க உருவாகின்றன என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. உங்கள் மகள் கேட்ட கேள்வியின் அடுத்த படி அதுதான்.

அவளுக்கு உரிய படிப்பு பி.எஸ்சி. உயிர்வேதியியல். பொறியியல், நர்சிங் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது, நான் சொல்லவில்லை. அரசுக் கல்லூரியோ அரசு உதவிபெறும் கல்லூரியோ போதும், நன்கொடை கேட்கும் இடம் வேண்டாம். சேர்ப்பதற்கு முன் ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள்: ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரிசிஸ் கருவியை மாணவர்கள் தொடுகிறார்களா, உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்களா? எம்.எஸ்சி.க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அடிப்படை மருத்துவ அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. பிஎச்.டி.க்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் நரம்பு வேதியியலுக்குத் தனித் துறையே உண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. அந்த வயதில் அவள் உங்களிடம் பணம் கேட்கமாட்டாள்.

பத்து ஆண்டுப் பாதை இது. ஜே.ஆர்.எஃப். கடினமான தேர்வு, கிடைக்காவிட்டால் பரிசோதனைக்கூட வேலை, தொடக்கச் சம்பளம் குறைவு. இதை மறைத்து உங்களைச் சம்மதிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. அப்போதும் நிலம் உங்கள் பெயரில் இருக்கும். கல்யாண வீட்டில் "பி.எஸ்சி.யா?" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் ஒரு தவணைகூடக் கட்டப்போவதில்லை. மைத்துனரிடம் இதை நானே பேசவும் தயார்.

புதன்கிழமை காலை எனக்குத் தெரிந்த உயிர்வேதியியல் பேராசிரியை தன் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு ஜெல் ஓட்டிக் காட்டுகிறார். மகளை அழைத்து வாருங்கள், அந்தத் தாளையும் அவள் கொண்டுவரட்டும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.