வீட்டுக் கடன் தவணை தவறினால்: கேள்வி பதில்

ஒரு வங்கியில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் கடைசி 11 ஆண்டுகள் வாராக்கடன் வசூல் பிரிவு. வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன், பூட்டி சீல் வைக்கும்போது கூடவே நின்றிருக்கிறேன். அந்த வீடுகளில் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கக்கூடியவை என்பது என் கணிப்பு. அதனால்தான் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து: மேடம், பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். வேலை போய்விட்டது. இரண்டு மாத டியூ கட்டவில்லை. பேங்க்கிலிருந்து போன் வந்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. வீட்டை எப்போது எடுப்பார்கள்?

தம்பி, முதலில் போனை எடுங்கள். இரண்டு டியூ நின்றதற்காக யாரும் வீட்டை எடுக்க முடியாது. ஆனால் உங்களுக்கு ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு தவணை கட்ட வேண்டிய தேதியிலிருந்து 90 நாட்களைத் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். வங்கிக்காரர்கள் என்.பி.ஏ. என்பார்கள். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் கிளை மேலாளரால் உங்களுக்கு நிறையச் செய்ய முடியும். 90 தாண்டிவிட்டால் கோப்பு வசூல் பிரிவுக்குப் போய்விடும், அவர் கை கட்டப்பட்டுவிடும். அதோடு, என்.பி.ஏ. ஆன கணக்கு மறுபடி நல்ல கணக்காக மாற வேண்டுமென்றால் நிலுவை முழுவதையும் கட்ட வேண்டும். ஒரு தவணையைக் கட்டிவிட்டு மீள முடியாது.

ஆகவே மூன்று தவணைக்குப் பணம் இல்லாவிட்டாலும், ஒரு தவணைக்காவது புரட்டி 90ஆம் நாளுக்கு முன் கட்டிவிடுங்கள். பொதுவாக அதை மிகப் பழைய தவணையில்தான் வரவு வைப்பார்கள். நாள் கணக்கு ஒரு மாதம் பின்னால் போகும். மூச்சு விட இடம் கிடைக்கும்.

அப்புறம் கிளைக்குப் போய், கடன் காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 20 லட்சம் பாக்கி, 8.5 சதவீத வட்டி, இன்னும் 12 வருடம் இருக்கிறது என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 22,200 ரூபாய். அதையே 20 வருடமாக்கினால் 17,350 சுற்றி வரும். மாதம் கிட்டத்தட்ட 4,850 ரூபாய் குறையும். மொத்த வட்டி கூடும், உண்மைதான். ஆனால் வீடு நிற்கும். வேலை கிடைத்ததும் கூடுதலாகக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது.

இன்னொன்று. தவணை பிடிக்கும் தேதியில் கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்னாலேயே வங்கிக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பவுன்சிங் சார்ஜ் ஏறும். தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் இசிஎஸ் திரும்புவதற்கும் செக் திரும்புவது போலவே கிரிமினல் வழக்குப் போட 2007ஆம் வருடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மதுரையிலிருந்து: பேங்க்கிலிருந்து பதிவுத் தபால் வந்தது. என் வீட்டுக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாங்காவிட்டால் செல்லாதுதானே?

இல்லை அம்மா. இந்த நம்பிக்கையால் எத்தனையோ குடும்பங்கள் நாளை வீணடித்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்காவிட்டால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் பேப்பரிலும் போடுவார்கள். சட்டப்படி அது சேர்ந்ததாகத்தான் கணக்கு. ஊருக்கே தெரிந்துபோவது ஒன்றுதான் மிச்சம்.

உங்களுக்கு வந்தது அநேகமாக 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் 13(2) பிரிவு நோட்டீஸ். கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தருகிற சட்டம் அது. இந்த நோட்டீஸ் 60 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் வங்கி வீட்டின் மேல் கை வைக்க முடியாது. இந்த 60 நாளில் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வெறுமனே "கருணை காட்டுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். கணக்கு விவர அறிக்கையை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். கட்டிய பணம் ஏதாவது வரவாகாமல் இருக்கிறதா? என்.பி.ஏ. என்று குறித்த தேதியில் உண்மையிலேயே 90 நாள் தாண்டியிருந்ததா? அபராத வட்டி போட்டிருக்கிறார்களா? 2024இலிருந்து வட்டியின் மேல் அபராத வட்டி போடக் கூடாது, அபராதக் கட்டணம் மட்டும்தான், அதையும் அசலோடு சேர்த்து வட்டி கணக்கிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பாக்கித் தொகை அசல், வட்டி இரண்டிலும் சேர்த்து 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடமானம் வைத்தது விவசாய நிலமாக இருந்தாலோ இந்தச் சட்டமே பொருந்தாது. இப்படி ஏதாவது இருந்தால் அதை எழுதுங்கள். கூடவே, எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்ட முடியும் என்றும் எழுதுங்கள். கட்ட முடியாத தொகையை எழுதிவிடாதீர்கள். அந்தக் கடிதத்தையே பின்னால் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

தபால் நிலையத்திலோ கிளையிலோ கேட்டு அந்த நோட்டீஸின் நகலை உடனே வாங்குங்கள். 60 நாளும் அதில் போட்ட தேதியிலிருந்து எண்ணப்படுகிறது.

சேலத்திலிருந்து: வசூல் ஆட்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி அசிங்கப்படுத்துகிறார்கள். என்ன செய்வது?

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வந்த தேதி, நேரம், பேசியது எல்லாவற்றையும் குறித்து வைத்து வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 எண்ணில் விவரம் கிடைக்கும். மிரட்டல், கைவைப்பு என்றால் காத்திருக்க வேண்டாம், நேராகக் காவல் நிலையம். ஆனால் புகார் கொடுத்ததால் கடன் கெடு நிற்காது. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: வீட்டுச் சுவரில் ஒரு பேப்பர் ஒட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பேப்பரிலும் "சுவாதீன அறிவிப்பு" என்று வந்துவிட்டது. நாளைக்கே காலி செய்ய வேண்டுமா? பொண்ணு பன்னிரண்டாம் வகுப்பு.

நாளைக்கே காலி செய்ய வேண்டியதில்லை. பொண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். சுவாதீனம் என்றால் சொத்தை வங்கி தன் வசம் எடுப்பது. அவர்கள் இப்போது எடுத்தது காகிதத்தில் மட்டும். அதை அடையாளச் சுவாதீனம் என்பார்கள். சாவி இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்களாக விடாத வரை ஆளோடு வீட்டை எடுப்பதற்கு, வங்கி சர்ஃபேசி சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு 30 நாள், அதிகபட்சம் 60 நாள் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் தாமதமாவது உண்டு. உத்தரவு வந்தால் போலீஸோடு வந்து பூட்டைத் திறக்கலாம். அந்தக் கட்டத்துக்கு விடாதீர்கள். சாமான்களை எண்ணிப் பட்டியல் போடும்போது அந்த வீட்டுப் பெண்கள் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது உங்களுக்கு முக்கியமான எண் 45. சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 17ஆம் பிரிவில் மனு போட வேண்டும். டி.ஆர்.டி. என்று கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சென்னையில் மூன்று, கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று. உங்கள் ஊரிலேயே இருப்பதால் அலைச்சல் இல்லை. சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வங்கியின் இந்த நடவடிக்கைகளில் தடை கொடுக்க சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சட்டத்தின் 34ஆம் பிரிவே சொல்கிறது.

தீர்ப்பாயம் என்ன செய்யும்? நோட்டீஸ் முறையாகத் தரப்பட்டதா, ஆட்சேபத்துக்குப் பதில் வந்ததா, தினசரிகள் இரண்டில் போட்டார்களா, அதில் ஒன்று உள்ளூர் மொழியா என்றெல்லாம் பார்க்கும். தடை கொடுத்தாலும் பெரும்பாலும் "இவ்வளவு நாளில் இவ்வளவு கட்டு" என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கும். அந்தத் தொகைக்கு வழி இல்லாமல் மனுப் போட்டால் தடை தானாகப் போய்விடும். எனவே வக்கீலைப் பார்க்கும் அன்றே பணத்துக்கும் ஏற்பாடு தொடங்குங்கள். வக்கீல் கட்டணத்துக்கு வழி இல்லை என்றால் இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் தருவார்கள். கடன் உங்கள் மனைவி பெயரிலும் இருந்தால் அவர் பெயரில் கேளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: ஏல அறிவிப்பு பேப்பரில் வந்துவிட்டது. ஏலத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அண்ணன் முழுப் பணமும் தருகிறேன் என்கிறார். கட்டி மீட்டுவிடலாமா?

இந்தப் பதிலை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. முன்பு, விற்பனை நாள் வரைக்கும் முழுப் பாக்கியைக் கட்டி மீட்கலாம் என்று இருந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் கட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2023இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அறிவிப்பு வந்த நாளோடு மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது. "ஏலத்துக்கு முந்தின நாள் கட்டிக்கலாம்" என்று இன்னும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பிப் பையில் பணத்தோடு வந்து நின்ற ஒரு பெரியவரை நானே திருப்பி அனுப்ப வேண்டி வந்தது.

உங்களுக்கு மிச்சம் இருக்கும் வழி ஒன்று: விற்பனைக்கு முன் 30 நாள் நோட்டீஸ் உங்களுக்குத் தனியாக வந்ததா என்று பாருங்கள். வரவில்லை, அல்லது நாள் குறைகிறது என்றால் இன்றே தீர்ப்பாயத்துக்குப் போங்கள், அண்ணன் பணத்தை டிடியாக எடுத்துக்கொண்டே போங்கள். ஏலம் நடந்து பாக்கிக்கு மேல் பணம் வந்தால் மிச்சம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். குறைந்தால் அந்தப் பாக்கிக்கு வங்கி உங்களையும் ஜாமீன்தாரரையும் துரத்தலாம்.

நாகர்கோவிலிலிருந்து: எப்படியும் கட்ட முடியாது என்று தெரிகிறது. நாங்களே விற்றுக் கடனை அடைக்க முடியுமா? பத்திரம் பேங்க்கில் இருக்கிறதே?

முடியும். கட்ட வழியே இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனையே இதுதான். ஏலத்தில் வாங்க வருபவர் தகராறு இருக்கும் என்று நினைத்தே குறைத்துக் கேட்பார். நீங்கள் குடியிருந்து, சுத்தமாக வைத்துக் காட்டி விற்கும் விலை அங்கே வராது.

13(2) நோட்டீஸ் வருவதற்கு முன்பே தொடங்குங்கள். நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. கிளையில் முழுப் பாக்கி எவ்வளவு என்று கடிதமும், அவர்களிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் நகல்களும் கேளுங்கள். தாய்ப் பத்திரம் வரை பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குபவரிடம் கடனை மறைக்காதீர்கள். வில்லங்கச் சான்று போட்டால் அடமானப் பதிவு எப்படியும் தெரிந்துவிடும். வாங்குபவர் தன் பணத்தில் பாக்கித் தொகைக்கு உங்கள் வங்கி பெயரிலேயே, கடன் கணக்கு எண் எழுதி, டிடி கொடுக்கட்டும். மிச்சம் உங்களுக்கு. அவரும் கடன் வாங்குகிறார் என்றால் இரண்டு வங்கிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், தினமும் நடப்பதுதான். பணம் அடைந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீது பதிவாக வேண்டும்.

கடன் முடிந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி.

திருநெல்வேலியிலிருந்து: அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. கடன் அவர் பெயரில். அம்மாவைக் கட்டச் சொல்கிறார்கள்.

மனசுக்கு வருத்தமாக இருக்கிறது தம்பி. பணம் கட்டும் முன் கடன் கோப்பில் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். கடன் கொடுக்கும்போதே ஒரு பிரீமியத்தைச் சேர்த்துப் பிடித்துக் கடனுக்கு ஆயுள் காப்பீடு போடுவது பரவலான வழக்கம். வீட்டில் யாருக்கும் நினைவே இருக்காது. முதல் மாத அறிக்கையைப் பாருங்கள், பெரிய தொகை ஒன்று இன்சூரன்ஸ் என்று போயிருக்கும். இருந்தால் இறப்புச் சான்றிதழோடு உடனே கோரிக்கை கொடுங்கள், அது முடியும் வரை நடவடிக்கையை நிறுத்தி வைக்கும்படி வங்கிக்கும் எழுதுங்கள். காப்பீடு இல்லாமல், அம்மா இணைக் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாமல் இருந்தால், அவர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் வீட்டின் மேல் கடன் நிற்கிறது. வீடு வேண்டுமென்றால் நீங்கள் கடனைத் தொடர்ந்து கட்ட முன்வரலாம்.

ஈரோட்டிலிருந்து: டியூ கட்ட வெளியே நூற்றுக்கு மூணு வட்டிக்கு வாங்கலாமா?

வேண்டாம். மாதம் மூன்று என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். ஒன்பது சதவீதக் கடனை அடைக்க முப்பத்தாறு சதவீதக் கடன். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003லிருந்தே தடைச் சட்டம் உண்டு, ஆனாலும் அவர்கள் உங்களுக்கு 60 நாள் நோட்டீஸ் தர மாட்டார்கள். வரவேண்டிய பணம் நிச்சயமாக வரும் தேதி தெரிந்தால் மட்டும் வங்கியில் நகைக் கடன் வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஒரே தடவையில் கட்டினால் குறைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

எழுத்தில் தந்தால் யோசிக்கலாம். வாயால் சொன்னதை நம்பி ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கையில் வீடு இருப்பதால் வீட்டுக் கடனில் பெரிய தள்ளுபடி கிடைப்பது அபூர்வம். இந்தச் சலுகையை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும், அடுத்த கடன் வாங்குவது சிரமமாகும். வீட்டை விற்றே ஆக வேண்டிய நிலையில் இருப்பவருக்கு அது சிறிய நஷ்டம்தான்.

மீண்டும் திருப்பூரிலிருந்து: மேடம், போனை எடுத்தேன். திங்கட்கிழமை கிளைக்கு வரச் சொன்னார்கள். என்ன கொண்டுபோக வேண்டும்?

நல்லது தம்பி. வேலை நின்ற கடிதம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டில் வேறு யாருக்காவது சம்பளம் இருந்தால் அதன் ரசீது. இணைக் கடன்தாரர் மனைவி என்றால் அவரையும் கூட்டிப் போங்கள், கால நீட்டிப்புக்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கோரிக்கைக் கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு வங்கி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். அன்றே அதைக் கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பி, பதிவுத் தபாலிலும் போட்டுவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.