மன்னிப்புக் கடிதம் எழுதுமுன் கொஞ்சம் பொறுங்கள்

தம்பி, தேர்வுக் கட்டண உயர்வை எதிர்த்து வாசலில் உட்கார்ந்ததற்கு உங்கள் அரசு உதவி பெறும் கல்லூரி சஸ்பெண்ட் செய்து, மூன்று நாளில் விளக்கமும் அப்பா கையெழுத்துடன் மன்னிப்பும் கேட்கிறது என்கிறீர்கள். மன்னிப்பை இப்போது கொடுக்காதீர்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்ற ஒற்றை வரியை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, விசாரணையே தேவையில்லை என்பார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து என்றால், பேச்சே வேண்டாம்.

இன்றே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்தத் தேதியில், என்ன செயல், எந்த விதியை மீறியது என்று கேளுங்கள். புகார் நகலும் பதிலுக்குப் 10 நாள் அவகாசமும் கேளுங்கள். சிசிடிவி பதிவு சில வாரத்தில் தானே அழிந்துவிடலாம். பத்திரப்படுத்தச் சொல்லி அதிலேயே எழுதுங்கள். உங்கள் நகலில் அலுவலக முத்திரை, தேதி வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். அவகாசம் தராவிட்டால் மூன்றாம் நாளுக்குள் சுருக்கமான மறுப்பாவது போய்ச் சேரட்டும்.

தண்டிக்குமுன் மாணவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று தேர்வு முறைகேட்டு வழக்கான கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் 1962இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எப்போதும் கிடைக்காது. அதே நீதிமன்றத்தின் 1973 ஹிரா நாத் மிஸ்ரா தீர்ப்பு அப்படித்தான் சொல்கிறது. அந்த உரிமையைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் உடனே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு (கல்லூரியின் முடிவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு). கூடவே தேர்வெழுத இடைக்கால அனுமதி கேளுங்கள். தேர்வுக்கு முதல் நாள் போய் நின்றால் 'இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?' என்றுதான் கேட்பார்கள். எஸ்சி, எஸ்டி, பெண்கள், வருமானம் குறைந்தோர் என்றால் அங்குள்ள சட்டப் பணிகள் குழுவில் வக்கீல் இலவசம்.